தாங்கியவர் யார்?: சோழர் காலம் முதல் 1429 வரை தமிழக உழவர்கள்

மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201 ஆம் ஆண்டில், காவிரிப் படுகையிலுள்ள திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் கோயிலுக்குத் தங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள். விலை 110 காசு. காலம் கெட்டு, நெல் காசுக்கு மூன்று நாழியாக விற்றது என்று காரணத்தையும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு கலத்துக்கு 96 நாழி. அந்தக் கணக்கில், மூன்று உயிர்களுக்குக் கிடைத்த தொகையைக் கொண்டு அன்றைக்கு மூன்றரைக் கலம் நெல்கூட வாங்கியிருக்க முடியாது.

இதே படுகையில், இதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பு, ஆலங்குடியிலும் காலம் கெட்டது. 1054 இல் அந்த ஊர்ச் சபையின் கையில் பணமில்லை. சபை கோயிலுக்குப் போனது. சாமி நகைகளும் பாத்திரங்களுமாக 1,011 கழஞ்சு பொன்னையும் 464 பலம் வெள்ளியையும் கடனாக வாங்கியது. ஒரு கழஞ்சை ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து கிலோ பொன். ஈடாக எட்டே முக்கால் வேலி நிலத்தைக் கோயிலுக்கு ஒதுக்கினார்கள். அதன் விளைச்சல் வட்டிக்கு. இன்றைய வேலிக் கணக்கில் ஏறத்தாழ 58 ஏக்கர். ஊர் பிழைத்தது.

இரண்டு ஊரிலும் பஞ்சம்தான் காரணம், இரண்டிலும் கோயில்தான் கொடுத்தது. ஆலங்குடிச் சபையிடம் ஈடு வைக்க நிலம் இருந்தது. திருப்பாம்புரத்து வேளாளரிடம் தன் உடம்பும் மகள்களும் மட்டுமே மிஞ்சியிருந்தன. இடைக்காலத் தமிழக உழவர்கள் வறட்சியையும் வெள்ளத்தையும் படையெடுப்பையும் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டால் ஏரி, கால்வாய், அணை என்று பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தக் கட்டுமானங்கள் பெருமைக்குரியவைதான். ஆனால் அவற்றைச் சுற்றி நிலம், கடன், வரி, கூட்டம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு கெட்ட காலத்தின் சுமை யார் தலையில் விழும் என்பதை அந்த ஏற்பாடுதான் தீர்மானித்தது. காலம் மாறியபோது உழவர்கள் அதையே மாற்றப் பார்த்தார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தமிழகத்துக்கு மழை இரண்டு வழியில் வருகிறது. காவிரி பிறக்கும் குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆடியில் புதுவெள்ளம் படுகைக்கு வரும். படுகையின் சொந்த மழையோ ஐப்பசி கார்த்திகையில், பல நேரம் புயலோடு. எனவே சோழநாட்டு உழவருக்குத் தண்ணீர் வராமல் போவது ஒரு பயம், வந்த தண்ணீர் கரையை உடைத்து வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போவது இன்னொரு பயம். வடக்கே தொண்டைநாட்டில் நிலைமை வேறு. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். ஐப்பசி மழையைத் தேக்கி வைக்காவிட்டால் தையில் அறுக்க ஒன்றும் இருக்காது. அதனால் அங்கே ஏரி. பாண்டிநாட்டில் அதையே கண்மாய் என்பார்கள்.

ஏரியைக் கட்டுவது ஒரு முறை செய்கிற வேலை. அதைக் காப்பது ஆண்டுதோறும் செய்கிற வேலை. ஒவ்வொரு மழையும் தண்ணீரோடு வண்டலையும் கொண்டு வருகிறது. கொள்ளளவு ஆண்டுக்காண்டு குறைகிறது. கரையில் எலி வளை போதும், ஒரு புயல் இரவில் உடைப்பெடுக்க. புதுக்கோட்டைப் பகுதிக் குளங்களில் கல்வெட்டுடன் நிற்கும் குமிழித் தூம்புகளைப் பார்த்தால் இந்தக் கவலை எவ்வளவு நுணுக்கமான தீர்வைத் தேடியது என்று புரியும். தூம்பு கரையில் இல்லை. கரையிலிருந்து தள்ளி, குளத்துக்குள்ளேயே இருக்கிறது. தரையில் ஒரு கல்தொட்டி. அதன் மேல் பலகைக் கல்லில் ஒரு துளை, அது நீரோடி. கீழே தரைமட்டத்தில் சிறு துளைகள், அவை சேறோடி. மேலே இரண்டு கல்தூண்கள். தண்ணீர் வேண்டும்போது ஒருவர் நீந்திப் போய் அடைப்பைத் தூக்குவார். தெளிந்த நீர் மேல்துளை வழியே இறங்க, அடியில் கலங்கிய வண்டல் கீழ்த்துளைகள் வழியே இழுபட்டு, இரண்டும் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் குளம் கொஞ்சம் தூர்வாரப்படுகிறது, வயலுக்கும் எரு கிடைக்கிறது.

அது போதாத பெரிய ஏரிகளில் ஓடம் விட்டார்கள். உத்திரமேரூர் போன்ற ஊர்களில் ஏரியில் வண்டல் வாரும் ஓடங்களுக்கென்றே பொன் வைப்பு வைத்த செய்தி கல்வெட்டுகளில் வருகிறது. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு வேலையை நடத்த வேண்டும். ஏரிப்பட்டி என்று தனியே நிலம் விடுவதும் உண்டு. கொடுத்தவர் இறந்து நூறாண்டு ஆனாலும் ஓடம் நீரில் இறங்க வேண்டும் என்பது எண்ணம். அடுத்த தலைமுறை தானாக முன்வந்து தூர்வாரும் என்று அவர்கள் நம்பவில்லை. அதற்கு வருமானத்தைக் கட்டிவைத்தார்கள்.

உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்தது. வைரமேக தடாகம் என்று பெயர். அந்த ஊர்ச் சபை மண்டபத்துச் சுவர்களில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919 இலும் 921 இலும் வெட்டப்பட்டவை, குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. 30 குடும்புகள், அதாவது வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி வந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் பணி, பிறகு விலக வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. தண்ணீர்ப் பணத்தில் கைவைத்தவன் மாமனையோ மைத்துனனையோ நிறுத்தி மறுபடி உள்ளே வந்துவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். ஊர் அரசியலை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய விதி.

குடவோலையைக் கொண்டாடுகிறவர்கள் தகுதிப் பட்டியலை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம்; பிராமண நிலக்காரர்களின் ஊர். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களும் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களும் அந்தக் குடத்தில் பெயராக இருந்ததில்லை. ஏரி வாரியம் நூற்றாண்டுகளுக்கு நினைவில் நிற்கும் அமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அது நிலமுடையோரின் அமைப்பு என்பதிலும் ஐயமில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் விட்ட ஊர்களின் விவரத்தில், எந்த இடங்களுக்கு வரி இல்லை என்று ஒரு வரிசை திரும்பத் திரும்ப வருகிறது: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரியும் உண்டு. உழைத்தவர்களின் குடியிருப்பு நிலஅளவையில் இருக்கிறது. அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. நம்முடைய சான்றுகள் பெரும்பாலும் நிலப் பத்திரங்கள். அவற்றை வைத்து உழவர் சமூகம் என்று எழுதும்போது இதை மறக்கக் கூடாது.

இயற்கைக்கு இணையாக அரசும் ஒரு பருவமாகவே உழவருக்கு வந்து போனது. உக்கலில் உள்ள கல்வெட்டு ஒன்று, இராசராசனின் 24 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1009 வாக்கில் தஞ்சாவூரிலிருந்து வந்த ஆணையைப் பதிவு செய்கிறது. இரண்டு ஆண்டு முழுதும் வரி கட்டாதவர்களின் நிலத்தை ஊரே எடுத்து விற்றுக்கொள்ளலாம். பாக்கிக்காரர் அந்த விற்பனையில் சேர முடியாது. மழை பொய்த்த ஆண்டுக்கும் இதுவேதான் விதி என்றால், ஒரு சிறு உழவர் இரண்டு கெட்ட வெள்ளாமையில் காணியை, அதாவது தன் பரம்பரை நில உரிமையை, இழப்பார். வரிப் பொறுப்பை ஊரின் மேல் வைத்து, தவறியவரை ஊரைக் கொண்டே தண்டிக்கச் செய்த ஆணை இது. நிலம் முறையாக அளக்கப்பட்டதும் இராசராசன் காலத்தில்தான். முதலாம் குலோத்துங்கன் 1086 இலும் 1110 இலும் மறுபடி அளந்தான்.

இந்த அழுத்தம் நிலவுடைமையில் என்ன செய்தது என்பதை ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா தெளிவாகக் காட்டியிருக்கிறார். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று அருகருகே இரண்டு ஊர்கள். முற்சோழர் காலத்தில் ஈசானமங்கலம் பிரமதேயம். நிலம் தனித்தனி ஆள் பெயரில் இருந்தது, உழுதவர் வேறு ஆட்கள். அல்லூர் வேளாளர் ஊர். அங்கே ஊரார் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தார்கள், தாங்களே பயிரிட்டார்கள். பொதுவில் இருந்தால் கெட்ட ஆண்டின் இழப்பு எல்லார் மேலும் பரவும். பின்னர் கீழ்க்காவிரிப் பகுதிக் கல்வெட்டுகளில் வேறு காட்சி. 12, 13 ஆம் நூற்றாண்டுகளில் தனியார் விற்பனைகள் பெருகுகின்றன, ஒரே கையில் பெருநிலம் சேர்கிறது, பதவியும் பட்டமும் உள்ளவர்கள் வாங்குகிறார்கள். 1201 இல் ஒரு வேளாளர் குடும்பம் தன்னை விற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்தது இந்த மாற்றத்தின் நடுவில். ஊர் என்ற காப்பு அவருக்கு அப்போது இல்லை.

ஊர் தளர்ந்தபோது உழவர்கள் ஊரைவிடப் பெரிய வட்டத்தில் கூடத் தொடங்கினார்கள். சித்திரமேழிப் பெரியநாடு என்பது பல நாடுகளின் நிலமுடைய உழவர் சேர்ந்த பேரவை. ஒரு நாட்டுக்குள் ஒரே ஏரியையும் ஒரே வாய்க்காலையும் பகிர்ந்த ஊர்கள் முன்பு கூடிக்கொண்டிருந்தன. இப்போது தண்ணீரைப் பகிராதவர்களும் ஏரால் ஒன்றுபட்டார்கள். அவர்களுடைய கல்வெட்டுகளின் தலையில் கலப்பை செதுக்கியிருக்கும். தங்களை நிலமகளின் மக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களோடு சேர்ந்து கூடி, கோயிலுக்கு இவ்வளவு தருவது என்று தீர்மானித்தார்கள். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியும் அதில் இருந்தது.

வெள்ளாற்றின் மேற்பகுதி, பெண்ணையாற்றுப் பக்கம் என்று வறண்ட மேட்டுநிலங்களில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. பள்ளி, சுருதிமான், நத்தமான், மலையமான் என்று அழைக்கப்பட்ட மலைசார்ந்த மக்கள் சோழப் படையில் சேர்ந்து, கையில் கொஞ்சம் பொருளும் செல்வாக்கும் வந்தபின் சமவெளியில் உழவராக நிலைத்தார்கள். 13 ஆம் நூற்றாண்டில் அவர்கள் இடங்கை என்ற பெயரில் ஒன்றுகூடி, ஒருவருக்கு ஒன்றென்றால் எல்லாரும் நிற்பதாகச் சபதம் செய்து கல்லில் வெட்டினார்கள். அரசன் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கைக்கு அப்போது இடமும் இல்லை. 1231 வாக்கில் மூன்றாம் இராசராச சோழனையே காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசளத் தளபதிகள் வந்து மீட்டார்கள். வரும் வழியில் ஊர்களை அழித்ததைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு வெற்றிச் செய்தியாகச் சொல்கிறது. மன்னன் மீண்டான் என்பது சோழருக்கு நல்ல செய்தி. அந்த ஊர்களில் பயிர் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு என்ன மிஞ்சியிருக்கும்?

சோழ ஆட்சி 1279 இல் முடிந்தது. 1311 இல் தில்லிப் படையோடு மாலிக் காபூர், பிறகு மதுரைச் சுல்தான்கள், 14 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குமார கம்பணன் வழியாக விசயநகரம். இதே நூற்றாண்டில் மழையும் தடுமாறியது. சத்தீஸ்கரின் தண்டக் குகையில் வளர்ந்த கசிவுநீர்ப் பாறைப்படிவை ஆய்ந்தவர்கள் 14 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பருவமழை பலமுறை நெடுங்காலம் நலிந்ததைக் கண்டார்கள். 2010 இல் வெளியான, மர வளையங்களை வைத்துத் தொகுத்த ஆசியப் பருவமழை வரைபடமும் 14 ஆம் நூற்றாண்டில் பெரும் வறட்சி ஒன்றைக் காட்டுகிறது. தக்காணத்தில் 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டு நீடித்த துர்க்காதேவிப் பஞ்சம் மக்கள் நினைவில் பெயரோடு நின்றது. குகைப் பாறை சொல்வது தென்மேற்குப் பருவமழையை. காவிரியின் ஆடி வெள்ளத்துக்கு அது பொருந்தும். தொண்டைநாட்டு ஐப்பசி மழைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பருவநிலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ் உழவரின் நாட்காட்டி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

புதிய ஆட்சிக்கும் தண்ணீரின் அரசியல் தெரிந்திருந்தது. முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் கடப்பைப் பக்கம் போருமாமில்லாவில் கட்டிய ஏரியின் 1369 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நல்ல ஏரிக்கு வேண்டிய 12 அங்கங்களையும் தவிர்க்க வேண்டிய 6 குற்றங்களையும் பட்டியலிட்டு, 1,000 ஆட்களும் 100 வண்டிகளும் இரண்டு ஆண்டு உழைத்ததையும் சொல்கிறது. தமிழகத்தில் பாழ்பட்ட நிலத்துக்குக் குடிகளை அழைக்க முதல் சில ஆண்டுகளுக்கு வரியைக் குறைத்தும் பிறகு படிப்படியாக ஏற்றியும் ஒப்பந்தங்கள் செய்தார்கள். தெலுங்கு பேசும் கம்மவாரும் ரெட்டியாரும் தொட்டிய நாயக்கரும் அடுத்தடுத்த தலைமுறைகளில் தெற்கே வந்து, நெல்லுக்கு ஒத்துவராத கரிசலைக் கைக்கொண்டார்கள். கிணறு வெட்டினார்கள், பருத்தி, கம்பு, சோளம் போட்டார்கள். ஆற்றுநீர் உரிமை ஏற்கெனவே கைப்பற்றப்பட்டிருந்த நாட்டில் வந்தேறிகளுக்குக் கிடைத்த வழி அது. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து ஊர்களின் அமைப்பில் அந்தக் குடியேற்றம் இன்றும் தெரியும்.

படுகையில் இருந்தவர்களுக்கு நிலைமை வேறுவிதமாக முற்றியது. விசயநகர அதிகாரிகளும், உள்ளூர்க் காணியாளரான பிராமணரும் வேளாளரும் சேர்ந்து வரியை வாங்கினார்கள். விளைந்ததற்கேற்ப இல்லாமல் விதித்ததைக் கட்டு என்றார்கள். உழவருக்குக் கைவசம் ஒரு பழைய ஆயுதம் இருந்தது: ஊரை விட்டுப் போய்விடுவது. ஏர் போனால் வரியும் போகும். குடிகள் போய்விட்டதால் வரியைக் குறைத்துத் திரும்ப அழைத்த கல்வெட்டுகள் பல. ஆனால் ஓடுகிறவர் வீட்டையும் கிணற்றையும் விட்டு ஓடுகிறார். வேறு ஊரில் போய் மறுபடி இன்னொருவரின் கீழ்க்குடியாகிறார்.

1429 இல், இரண்டாம் தேவராயர் ஆட்சியில், அந்த வழக்கம் மாறியது. மயிலாடுதுறைப் பக்கம் கொறுக்கை, பாபநாசம் பக்கம் திருவைகாவூர், பெரம்பலூர்ப் பக்கம் ஆடுதுறை என்று விலகி விலகி இருக்கும் ஊர்களின் கோயில்களில் ஒரே செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. வலங்கைச் சாதிகள் 98, இடங்கைச் சாதிகள் 98 என்ற இரு பிரிவும் ஒன்றாகக் கூடின. தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்வதற்கே பெயர்போன இரு கட்சிகள் இவை. கொறுக்கைக் கல்வெட்டில் அவர்கள் தங்கள் நிலையை எண்ணிப் பார்க்கும் முறை என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. முறையற்ற வரியால் ஓடிப்போக இருந்தோம். மண்டலம் முழுதும் நாம் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநீதி நடந்தது என்று கண்டோம். இனி விளைச்சலுக்கேற்ற நியாயமான வரியை மட்டுமே தருவோம், முறைகெட விதித்த எதையும் தரமாட்டோம். இதுதான் அதன் சாரம். பஞ்சத்தையோ மழையையோ விதியையோ அவர்கள் குறை சொல்லவில்லை. தங்கள் பிரிவினையைக் குறை சொன்னார்கள்.

அதே ஆண்டின் தீர்மானங்களில் அதிகாரிகளோடும் நிலக்காரர்களோடும் ஒத்துழைப்பதில்லை, அவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவதில்லை என்ற உறுதியும் வருகிறது. இது கூர்மையான முடிவு. எந்த வயல், எவ்வளவு விளைந்தது, யாரிடம் பாக்கி என்பதெல்லாம் ஊர்க்கணக்கில்தான் இருந்தது. கணக்கு இல்லாத அரசுக்கு வரி வாங்கும் கண் இல்லை. திருவைகாவூர்க் கல்வெட்டில் நெல்லுக்கு இவ்வளவு, வாழைக்கும் கரும்புக்கும் இவ்வளவு என்று பயிர்வாரியாக வரி வீதங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று கல்லில் வந்துவிட்டால், அடுத்த அதிகாரி வந்து மனம்போல் கேட்க முடியாது. உத்திரமேரூர்ச் சபையார் ஏரிக் கணக்குக்குச் செய்த அதே காரியத்தை, ஐந்நூறு ஆண்டு கழித்து, சபைக்குள் விடப்படாதவர்கள் வரிக்குச் செய்தார்கள்.

அந்த 98 + 98 இல் நிலமற்றவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது முக்கியமான கேள்வி. பிற்காலத்து வலங்கை இடங்கைப் பட்டியல்களில் பறையர், பள்ளர், கம்மாளர் எல்லாரும் இருக்கிறார்கள். 1429 இன் கோரிக்கைகள் வரி கட்டுகிறவர்களின் கோரிக்கைகள். நில அளவு, விளைச்சல் வீதம், முறையற்ற வசூல், இவைதான் அதில் இருக்கின்றன. கூலி இல்லை, அடிமை முறை இல்லை, காணி யாருக்கு என்ற பேச்சு இல்லை. வரி வீதம் கல்லில் ஏறியபின்னும் காணியாளர் காணியாளராகவே இருந்தார்கள். பண்ணையாட்கள் அவர்களுடைய வயலுக்கே போனார்கள்.